இருக்கையை மாற்றும் முன் மிதவையைப் பாருங்கள்

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகாக இருந்ததை ஆட்களை ஏற்றும் படகாக மாற்றியிருந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும் சேர்ந்துகொண்டது. ஒரு வேலைக்குக் கட்டிய படகின் அமைப்பை வேறொரு வேலைக்காகத் திருத்தும்போது அதன் சமநிலையும் மாறிவிடுகிறது. இருவர் துடுப்பு போடும் சிறிய கனூவுக்கும் இது பொருந்தும்.

புனேயில் இந்தப் பேச்சுக்கு இடமுண்டு. ஏரவாடாவுக்கும் பண்ட் கார்டனுக்கும் நடுவே முலா-முட்டா ஆறு தடுப்பணை ஒன்றால் தேங்கி நிற்கிறது. அந்தத் தேக்கத்தை நம்பி 19ஆம் நூற்றாண்டிலேயே படகுக் குழாம் உருவான ஊர் இது. முலாவும் முட்டாவும் கூடும் சங்கமத்தருகே பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் ரெகாட்டா என்ற படகு விழாவை நடத்துகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில், பழைய ஃபைபர் கனூ ஒன்றை மலிவாக வாங்கி, உடைந்த இருக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு வசதியான நாற்காலி பொருத்த நினைப்பது இயல்புதான்.

அந்த இருக்கை மூன்று வேலை செய்கிறது. அதன் உயரம் படகின் சமநிலையைத் தீர்மானிக்கிறது. சில சென்டிமீட்டர் உயர்த்தினாலே ஆட்டம் கூடும். விளிம்போடு விளிம்பைப் பிணைக்கும் குறுக்குச்சட்டங்களோடு சேர்ந்து உடலின் விறைப்பைக் காக்கிறது. மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது. வார்த்து ஒட்டிய ஃபைபர் இருக்கை பலவற்றின் அடியில் காற்றறையோ ஃபோமோ அடைத்திருக்கும். ஃபைபர் நீரைவிடக் கனமானது. மரத்தைப் போலத் தானாக மிதக்காது. இருக்கையை அறுத்தெடுக்கும்போது மிதவையும் போய்விட்டால், நீர் நிரம்பிய படகு அப்படியே மூழ்கும்.

ஆகவே அறுக்குமுன் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்றோசை கேட்டால் உள்ளே அறை இருக்கிறது. அதை எடுத்தே ஆகவேண்டுமென்றால், அதே கன அளவு மிதவையை முன்முனையிலும் பின்முனையிலும் வைத்து இறுக்கமாகக் கட்ட வேண்டும். தெர்மாகோலை அடைத்து அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின் பூசுபவர்கள் உண்டு. ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும், எஞ்சுவது வெறும் பொந்து.

புது இருக்கையை அடித்தளத்தில் துளைபோட்டு மாட்டக் கூடாது. விளிம்பிலிருந்து துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் அகன்ற வாஷரும் கொண்டு தொங்கவிடுவதே வழக்கம். மண்டியிட்டுத் துடுப்பு போடுபவரின் பாதம் இருக்கைக்கு அடியில் தடையின்றி வந்துபோக வேண்டும். படகு கவிழும் நேரத்தில் பாதம் அங்கே சிக்கினால் ஆள் தலைகீழாக மாட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, படகை நீரால் நிரப்பிப் பார்க்கலாம். ஒரு முனை அமிழ்ந்தால் அந்தப் பக்க மிதவை போதவில்லை.

பட்டறையிலும் ஆபத்து உண்டு. ஃபைபர் தூள் தோலையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. அதைக் கோபால்ட் ஆக்சிலரேட்டருடன் நேரடியாகக் கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். ஒன்றை ரெசினில் நன்கு கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

வாங்கிய படகில் குறை இருந்தால் வாங்கியவருக்கு என்ன உரிமை? விற்றவர் வணிகராக இருந்து, நீங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியிருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். இருக்கையை மோசமாகப் பொருத்திக் கொடுத்த பட்டறைமீது சேவைக் குறைபாடு என்று வழக்கிடலாம். படகை வாங்கியது கோவாவில் என்றாலும், ஏரவாடாவில் குடியிருப்பவர் புனே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தேசிய உதவி எண் 1915.

தனிநபரிடம் வாங்கினால் கதை வேறு. பொருளைப் பார்த்து வாங்கும் பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவருடையது. ஆனால் விரிசலைப் பெயின்டால் மூடி மறைத்து விற்றிருந்தால் அது ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி மோசடி. ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்டு சிவில் நீதிமன்றம் போகலாம். விளம்பரத்தின் நகல், செய்தி உரையாடல்கள், ரசீது, கழற்றுமுன் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினால்தான் இதெல்லாம் நிற்கும்.

திருத்திய படகை வாடகைக்கு விடுபவரின் பொறுப்பு இன்னும் கனமானது. பாதுகாப்பற்ற படகிலோ அளவுக்கு மீறிய சுமையோடோ கூலிக்கு ஆளேற்றினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவால் உயிர் போனால் 106ஆம் பிரிவு. 5 ஆண்டு வரை சிறை. 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தபோது, குஜராத் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. ஏரியின் குத்தகைதாரரோடு மாநகராட்சியும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வாடகைப் படகில் ஏறுபவர் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கொக்கியை மாட்டிக்கொள்ளட்டும். தராவிட்டால் ஏற மறுக்கலாம். இருக்கை ஆடுகிறது, ஆள் கூடுதலாக ஏற்றுகிறார்கள் என்றால் படம் எடுத்து மாநகராட்சிக்கு எழுத்தில் புகார் தரலாம். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 112. ஏரவாடாப் பக்கம் ஆற்றில் இறங்குபவர்கள் மழைக்காலத்தில் கடக்வாஸ்லா அணையின் நீர் திறப்பு அறிவிப்பைப் பார்க்காமல் போகவே கூடாது: வெள்ளம் தடுப்பணையைத் தாண்டி விழுமிடத்தில் நீர் சுழன்று, சிக்கிய படகைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும்.