ரப்பருக்குத்தான் வயதாகிறது

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி கார்கள் இன்று புது ஸ்விஃப்ட்டின் விலைக்கே கிடைக்கின்றன. பேரம் பேசத் தெரிந்தவருக்கு அதற்கும் கீழே. சென்னையிலும் கோவையிலும் செகண்ட் ஹேண்ட் கார் விற்பவர்கள் அவற்றைத்தான் கடையின் முன்வரிசையில் துடைத்து நிறுத்துகிறார்கள். தோல் இருக்கை, மரம் பதித்த டேஷ்போர்டு, கதவைச் சாத்தும்போது வரும் கனத்த சத்தம். இவ்வளவும் பார்த்தவர், வீட்டில் சொல்ல ஒரு வாக்கியத்தோடு கிளம்புகிறார்: "இந்தக் காசுக்கு பென்ஸே வருது."

வருகிறது, உண்மைதான். ஆனால் இறங்கியிருப்பது காரின் விலை மட்டுமே. ஐம்பது லட்சத்துக்கு விற்ற கார் எட்டு லட்சத்துக்கு வந்தாலும், அதன் பிரேக் டிஸ்க்கும் ஹெட்லைட்டும் கியர்பாக்ஸும் இன்னும் ஐம்பது லட்ச ரூபாய்க் காரின் சாமான்கள். எட்டு லட்சக் கணக்குப் போட்டு வாங்குகிறவர், முதல் பெரிய சர்வீஸ் பில்லைப் பார்த்ததும் காரை ஓரம்கட்டுகிறார். ஆறு மாதம் வெயிலில் நிற்கிறது. பிறகு இன்னும் குறைந்த விலைக்கு இன்னொருவரிடம் போகிறது. நல்ல கார்கள் பலவும் இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் சாகின்றன. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. 1996-ம் வருட பென்ஸ் இ-220 ஒன்றை வைத்துப் பராமரித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கார்களில் எதற்கு வயதாகிறது, எதற்கு ஆவதில்லை என்று தெரிந்துவிட்டால் செலவைக் கட்டுக்குள் வைக்க முடியும்.

முதலில், இவை எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும். டெல்லியில் டீசல் காருக்குப் பத்து வருடம், பெட்ரோல் காருக்குப் பதினைந்து வருடம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் வரம்பு போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன்பின் எட்டு, ஒன்பது வயதான சொகுசு டீசல் கார்கள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு தெற்கே இறங்கத் தொடங்கின. 'டெல்லி வண்டி' என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது சரியல்ல, நன்றாக வைத்திருந்த டெல்லி வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். மீட்டரில் தெரியும் கிலோமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. பிரேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, டிரைவர் சீட்டின் விளிம்பு மடங்கிக் கிடக்கும் கார் நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொன்னால், வருடவாரியாக சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற கார் இன்னும் ஆபத்து. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் இன்ஷூரன்ஸ் ஏலத்தில் போய், துடைத்து, வாசனை அடித்து, வேறு ஊர்களில் விற்பனைக்கு வந்தன. அம்பாசடர் காலத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் பெரிய விஷயமல்ல, காயவைத்து ஓட்டிவிடலாம். சொகுசு காரில் அப்படி முடியாது. பல மாடல்களில் கன்ட்ரோல் யூனிட்டுகளைக் கால்மிதியின் அடியிலும் சீட்டுக்கடியிலும் டிக்கியின் பள்ளத்திலும் வைத்திருக்கிறார்கள். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து, கடைசி ஒரு முழத்தில் வண்டல் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி, ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் இந்த இரண்டு இடங்களை யாரும் துடைப்பதில்லை.

என் கார் டபிள்யூ 124 என்ற வரிசையைச் சேர்ந்தது. 1984-ல் ஜெர்மனியில் அறிமுகமாகி, உலகம் முழுவதும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. மெர்சிடிஸ்-பென்ஸ் 1994-ல் இந்தியாவுக்கு வந்து, மறுவருடம் புனேயில் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) வளாகத்தில் முதன்முதலாகப் பூட்டி விற்றதும் இதைத்தான். டெல்கோவுக்கும் பென்ஸுக்கும் அது புது உறவல்ல. 1954-லிருந்து பதினைந்து வருடம் இரண்டும் சேர்ந்து லாரி செய்திருக்கின்றன. பழைய லாரிக்காரர்கள் 'பென்ஸ் லாரி' என்று மரியாதையோடு சொன்னது அந்த வண்டிகளைத்தான்.

இந்த மாடலை ஏன் இத்தனை பேர் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதை மழையில் பார்க்க வேண்டும். முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். அரை வட்டம் அடித்தால் மேல் மூலைகள் இரண்டும் துடைபடாமல் போகும் என்பதால், அது ஓடும்போதே நீண்டு சுருங்குகிறது. இடது மூலைக்கு ஒரு நீட்டம், நடுவில் உள்வாங்கல், வலது மூலைக்கு மறுபடி ஒரு நீட்டம். கண்ணாடியில் 86 சதவீதம் துடைபடுகிறது. இதற்காகவே கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன கியர்பெட்டி இருக்கிறது. அதற்குள் கிரீஸ் காய்ந்துவிட்டால் வைப்பர் முனகும், மெதுவாகும், ஒருநாள் பாதி வழியில் நின்றுவிடும். மூடியைத் திறந்து பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதிது வைப்பது அரை நாள் வேலை. பல கார்களில் பிறந்ததிலிருந்து அதை யாரும் திறந்ததே இல்லை.

கோவையில் நான் காரை விடும் பட்டறையின் பெரியவர் முப்பது வருடமாக இந்தக் கார்களின் அடியில் படுத்தவர். "அண்ணா, இன்ஜின் இன்னும் எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டால் சிரிப்பார். "இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாதுங்க சார். ரப்பருக்குத்தானுங்க வயசாகுது."

நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது. இரும்பும் அலுமினியமும் எண்ணெய் இருக்கும்வரை உழைக்கும். ஓடினாலும் நின்றாலும் காய்ந்து வெடிப்பது ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒயரின் உறையும்தான். இந்தக் காரில் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. மேடு பள்ளத்தில் கார் மிதப்பதற்கு அதுதான் காரணம். ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்தால் பின்பக்கம் மிதப்பதற்குப் பதில் அலையும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் வட்டமான ரப்பர் ஜாயின்ட் உண்டு; அது வெடித்தால் கியர் விழும்போது 'டொக்' என்று ஒரு அடி கேட்கும். கேட்டவர்கள் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பயந்து காரையே விற்றிருக்கிறார்கள். நம் இன்ஷூரன்ஸ் விதிக்கும் இந்த உண்மை தெரியும். கிளெய்ம் வந்தால் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்குக் கார் புதிதாக இருந்தாலும் 50 சதவீதம் தேய்மானம் கழித்துவிடுவார்கள்.

ஒயர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1990-களின் முற்பாதியில் வந்த பல பென்ஸ் கார்களில் இன்ஜின் ஒயரிங்குக்கு, மண்ணில் மக்கக்கூடிய உறையைப் பயன்படுத்தினார்கள். சுற்றுச்சூழல் அக்கறைதான் காரணம். ஆனால் இன்ஜின் சூட்டில் அது கார் உயிரோடு இருக்கும்போதே மக்கத் தொடங்கியது. இன்ஜெக்டர் கனெக்டருக்குப் பக்கத்தில் ஒயரை லேசாக மடக்கினால் உறை அப்பளம்போல் நொறுங்கி விழும். உள்ளே செம்பு பளபளவென்று தெரியும். இரண்டு செம்புகள் தொட்டுக்கொண்டால் இன்ஜின் ஐடிலில் ஏறி இறங்கும், சிக்னலில் அணையும், ஈர நாளில் கிளம்பாது. விஷயம் தெரியாத பட்டறையில் பிளக், காயில், பம்ப், கடைசியில் இன்ஜின் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். புதுக் கம்ப்யூட்டரையும் அதே ஒயர் சுட்டுவிடும். இந்த வருடங்களின் பெட்ரோல் பென்ஸ் வாங்குகிறவர் பெயின்டைப் பார்ப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து இந்த ஒயரைப் பார்க்க வேண்டும்.

ஏ.சி.யின் எவாபரேட்டர் இன்னொரு வகை. சாமான் விலை தாங்கக்கூடியதுதான். ஆனால் அது டேஷ்போர்டின் பின்னால் அடியாழத்தில் உட்கார்ந்திருக்கிறது. கசிந்தால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். முப்பது வருடம் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒன்றுகூட உடையாமல் கழற்றுவது பொறுமை கேட்கும் வேலை. கேஸ் மட்டும் நிரப்பிக் கொடுத்தால் ஒரு சீசன் ஓடும் என்று ஆசை காட்டுவார்கள். அடுத்த சித்திரையில் மறுபடி அதே கேஸ், அதே செலவு.

சாமான் வாங்குவது ஒரு தனிப் படிப்பு. பென்ஸின் பாக எண் 'ஏ' என்று தொடங்கும். அடுத்த மூன்று இலக்கம் அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்குச் செய்யப்பட்டது என்று சொல்லும். 124 என்றால் இந்தக் கார். 111 என்றால் இதன் இன்ஜின். பின்பக்க ஆர்ம்கள் சில 201 என்று வரும். 1982-ல் வந்த சின்ன பென்ஸ் 190-க்காகச் செய்தது, அப்படியே இதற்கும் பொருந்துகிறது. இது தெரிந்தால் வேறு மாடலின் பெயரில் தூங்கும் சரக்கைக்கூடக் கண்டுபிடிக்கலாம். பென்ஸ் பெட்டியில் வரும் பாகங்கள் பலவற்றைச் செய்பவர்கள் பாஷ், சாக்ஸ், லெம்ஃபர்டர் போன்ற கம்பெனிகள். அதே பாகம் அவர்கள் சொந்தப் பெட்டியில் வரும்போது, நட்சத்திர முத்திரை இருந்த இடம் மட்டும் தேய்த்து அழிக்கப்பட்டிருக்கும். விலை கணிசமாகக் குறையும், தரம் குறையாது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எண்ணோடு போனால் ஒரு மரியாதை, "பென்ஸுக்கு ஒரு புஷ் வேணும்" என்று போனால் வேறு மரியாதை. கண்ணாடி, கதவுக் கைப்பிடி, விளக்கு போன்றவற்றுக்குப் பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டை போதும். ரப்பரை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. எங்குமே கிடைக்காததற்கு, பென்ஸ் கம்பெனியே ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஃபெல்பாக்கில் பழைய கார்களுக்கென்று ஒரு மையம் நடத்துகிறது.

புது மாடல் என்றால் பராமரிப்பு சுலபம் என்று நினைக்கிறவர்கள் 2002-ல் வந்த டபிள்யூ 211-ன் பிரேக்கைப் பார்க்க வேண்டும். பெடலை மிதித்தால் அது கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும். ஒரு மின் பம்ப் அழுத்தம் கொடுக்கும். எத்தனை முறை மிதித்தோம் என்று அந்த யூனிட் எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை எல்லையைத் தொட்டால் சிவப்பு எச்சரிக்கை. 2004-லும் 2005-லும் கம்பெனி லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. 2006-ல் வந்த புது வடிவத்தில் சாதாரண பிரேக்குக்கே திரும்பியது. அதனால் டபிள்யூ 211 பிடித்திருந்தால் 2006-க்குப் பிந்தையதைத் தேடுங்கள். காற்றுப் பை சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால், இரவு நிறுத்திவிட்டுக் காலையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

காரை நிறுத்தியே வைத்திருப்பதுதான் பெரிய துரோகம். ஞாயிறு மட்டும் ஓடும் காரின் டயரில் பட்டை ஆழமாக இருக்கும், ரப்பர் செத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட கடைசி நான்கு இலக்கம் அது பிறந்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும்: 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம். நின்ற காரில் எலி குடியேறும், பிரேக் காலிப்பர் பிடித்துக்கொள்ளும், சீல்கள் காயும். கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அலுமினிய ஹெட் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். கிரேக்க டாக்சி ஓட்டுநர் ஒருவர் 1976-ம் வருட பென்ஸ் 240 டி-யை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-ல் பென்ஸ் மியூசியத்துக்குக் கொடுத்தார். அந்தக் கதையைச் சொல்கிறவர்கள், இடையில் அவர் இன்ஜினைப் பலமுறை கழற்றி மாற்றிப் பூட்டியதைச் சொல்வதில்லை. கார் தானாக உழைக்கவில்லை. அந்த மனிதர் உழைத்தார்.

சட்டமும் இந்தக் கார்களிடம் கொஞ்சம் நியாயமாக நடக்கலாம். பதினைந்து வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025-ல் ₹10,000 ஆனது. இறக்குமதி செய்த கார் என்றால் ₹80,000. ஐம்பது வயது தாண்டினால் 2021 விதிப்படி 'விண்டேஜ்' என்று தனி மரியாதை, ₹20,000-த்தில் பத்து வருடப் பதிவு. இடையில் முப்பது, நாற்பது வயதில் நிற்கும் கார்களுக்கு வருடக் கணக்கு மட்டும்தான். புகை அளவையும் பிரேக்கையும் சேஸிஸையும் கடுமையாகச் சோதிக்கட்டும். தேறாத காரை நிறுத்தட்டும். தேறிய காருக்கு வயதைக் காட்டி அபராதம்போல் கட்டணம் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலப்பு 2025-ல் நாடு முழுவதும் வந்துவிட்டது. என் கார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும். டேங்கிலிருந்து இன்ஜின்வரை இருந்த ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் ஹோஸாக மாற்றியாகிவிட்டது. ஃபியூயல் ஃபில்டரை வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்றுகிறேன். மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்துவதே இல்லை. அடுத்த வேலை, டேங்குக்குள் இருக்கும் சல்லடை வடிகட்டி. அதற்கு டேங்கைக் காலி செய்ய வேண்டும். பட்டறையில் நாள் குறித்துவிட்டேன். சாமான் எண் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது.