வெள்ளம் என்னும் சொல்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான தொடர்வண்டிப் பயணிகள் சிக்கித் தவித்தனர். இது வெள்ளத்தின் நேர்ப்பொருள்.

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் வீதிகளில் திரள்வோரையும் 'மக்கள் வெள்ளம்' என்கிறோம். அழிவைச் சுட்டும் சொல் மகிழ்ச்சியையும் சுட்டுவது எவ்வாறு? அளவிறந்த பெருக்கமே இரண்டற்கும் பொது. பழந்தமிழில் வெள்ளம் ஒரு பேரெண்ணின் பெயருமாகும் என்பதை இங்கு நினைக்கலாம்.

'சுனாமி' அத்தகைய பழக்கம் பெற்ற சொல்லன்று. 2004-ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பின்னரே அந்த ஜப்பானியச் சொல் தமிழில் பரவியது. தேர்தல் வெற்றியையும் இன்று 'சுனாமி' என்று எழுதுகின்றனர். நாகப்பட்டினம் கடற்கரையில் உறவினரை இழந்தோர் காதில் அது நேர்ப்பொருளிலேயே விழும்.