நடுவயதில் கடல் கடந்த தொண்டு

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தொழிலில் உழைத்தவர்களின் உள்ளத்தில், நாற்பத்தைந்து வயதை ஒட்டி ஒரு கேள்வி எழுவதுண்டு. "வீட்டுக் கடன் தீர்ந்தது, மூத்தவள் கல்லூரிக்குப் போய்விட்டாள், நான் கற்ற தொழில் என் குடும்பத்துக்கு அப்பாலும் எவருக்காவது பயன்பட வேண்டாமா?" என்பதே அக்கேள்வி. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்குச் சென்று வரும் நம் ஊத்துக்கோட்டைப் பகுதிக் குடும்பங்களுக்கும் இது புதிதன்று. ஓராண்டோ ஈராண்டோ வேலைக்கு இடைவெளி விட்டு, வெளிநாட்டில் தொண்டராகப் பணிபுரிய விரும்புவோரைக் கண்டு, "இந்த வயதில் இது எதற்கு?" என்று நகைப்பது எளிது. கைதட்டி உடனே வழியனுப்புவதும் எளிது. இரண்டையும் விடுத்து, அவரோடு அமர்ந்து ஆராய்வதே அன்புடையோர் செயல்.

கடல் கடந்து வந்த தொண்டின் பயனை நம் மண்ணே அனுபவித்திருக்கிறது. திருவள்ளூர் தனி மாவட்டமாவதற்கு முன், நாமும் மதுராந்தகம் பகுதியினரும் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தினராய் இருந்தோம். அம்மாவட்டத்துப் பொலம்பாக்கத்தில் 1955ஆம் ஆண்டு தொழுநோய் மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதை அமைத்தவர் பெல்ஜிய மருத்துவர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ். 1902இல் பிறந்த அவர் அப்போது ஐம்பதைக் கடந்தவர். 1929 முதல் காங்கோ நாட்டில் தொழுநோயாளரிடையே உழைத்தவர். அவருடன் பணியாற்றியவர் கிளேர் வெல்லு அம்மையார் என்னும் இளம் மருத்துவர். அவர் பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்று, 1981இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2013இல் மறையும்வரை இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டார்.

அவர்கள் செய்தது என்ன? அக்காலத்தில் தொழுநோய் என்றாலே ஊரைவிட்டு விலக்கிவைத்தல் என்று பொருள். அதற்கு அஞ்சி மக்கள் நோயை மறைத்தனர். நோயாளரைச் சுவருக்குள் அடைப்பதை விடுத்து, மருத்துவக் குழுவே குறித்த நாளில் கிராமத்துக்குச் சென்றது. மரத்தடியே மருத்துவமனை ஆயிற்று. விலை மலிந்த சல்போன் மாத்திரையைப் பெற்றுக்கொண்டு, நோயாளர் தம் வீட்டிலும் வயலிலும் இருந்தபடியே சிகிச்சை பெற்றனர். இது இரக்கம் ஒன்றினால் மட்டும் விளைந்த பயன் அன்று. காங்கோவில் பெற்ற கால் நூற்றாண்டு அனுபவம் அதன் பின்னே நின்றது. ஆகவே, புறப்பட விரும்புவோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி, "என்னிடம் இரக்கம் உண்டா?" என்பதன்று, "அங்குள்ளோருக்குத் தேவையான எந்தத் தொழில் எனக்கு நன்றாகத் தெரியும்?" என்பதே. இயந்திரப் பராமரிப்பு, செவிலியர் பணி, கணக்கு, குடிநீர்க் குழாய் அமைப்பு, ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றுள் ஒன்றில் தேர்ந்த நடுவயதினர் பயன்படுவர். கைத்தொழில் இல்லாத நல்லெண்ணம், உள்ளூர் ஏழை ஒருவர் கூலிக்குச் செய்யக்கூடிய வேலையைப் பறித்துக்கொள்வதும் உண்டு.

அடுத்தது வழி. ஐக்கிய நாடுகள் சபையின் தொண்டர் திட்டம் 1970இல் பொதுச்சபைத் தீர்மானத்தால் பிறந்தது. அதன் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் உள்ளது. அனுபவம் மிக்க நடுவயதினருக்கும் அதில் இடமுண்டு. அது தருவது ஊதியம் அன்று. எளிய வாழ்க்கைக்கான மாதப் படியும், பயணச் செலவும், மருத்துவக் காப்பீடுமே. விண்ணப்பத்துக்கு அது கட்டணம் வாங்குவதில்லை. "தொண்டர் வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு" என்பவரை அணுகாதீர்கள். சுற்றுலா விசாவில் சென்று தொண்டு செய்யலாம் என்பவரையும் நம்பாதீர்கள். பல நாடுகளில் அது சட்டமீறல்.

மூன்றாவது உடல்நலம். முழு மருத்துவப் பரிசோதனை செய்து, நீரிழிவு, இரத்த அழுத்தம் இவற்றுக்குரிய மருந்து செல்லுமிடத்தில் கிடைக்குமா என விசாரியுங்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இவ்வூசி போடப்படுகிறது. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லும். பின் வாழ்நாள் முழுதும் செல்லும். இச்சான்றின்றி அந்நோயுள்ள நாட்டிலிருந்து திரும்புவோரை நம் அரசு 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தக்கூடும்.

நான்காவது மொழி. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லையூரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சந்தையில் ஒருவர் தம் மொழியிலேயே விலை கேட்டால் வியாபாரியின் முகம் மலர்வதை நாள்தோறும் காண்கிறோம். கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்பவர் ஆறு திங்களுக்கு முன்பே சுவாகிலி கற்கத் தொடங்கட்டும்.

ஐந்தாவதே கடினமானது: வீடு. வேலையைத் துறப்பதற்குமுன் ஊதியமில்லா விடுப்புக் கிடைக்குமா என எழுத்து மூலம் கேளுங்கள். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். அதை நிறைவு செய்யாதவர் அவசரப்பட்டு அத்திட்டப் பணத்தை எடுத்துவிட்டால், அதுவரை சேர்ந்த பணிக்காலம் வீணாகும். குடும்பத்தின் ஓராண்டுச் செலவையும், திரும்பிய பின் வேலை தேட ஆகும் ஆறு திங்களின் செலவையும் தனியே ஒதுக்குங்கள்.

இவை எண்ணால் தீரும். எண்ணால் தீராதது மனைவியின் மௌனம். "உங்கள் விருப்பம்" என்று அவர் சொன்னால், அதைச் சம்மதம் எனக் கொள்ளாதீர்கள். முதிய தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர் யார், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு இரவில் துணை இருப்பவர் யார், நள்ளிரவில் ஓடிவர யாரைக் கூப்பிடுவது என அவரோடு அமர்ந்து, பெயர் சொல்லி எழுதுங்கள். புறப்படுவது மனைவியாயின், கணவரும் அவ்வாறே எழுதட்டும். தொலைவில் உள்ளோரின் கண்ணீரைத் துடைக்கும் கை, வீட்டில் ஒரு கண்ணீரை விட்டுச் செல்லலாகாது. கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் கூறிய உவமை இவர்களுக்கும் பொருந்தும்.

கணக்கு இவ்வாண்டு நிறைவு பெறாவிட்டால் ஈராண்டு காத்திருங்கள். அதற்குள் மொழி கற்கலாம், கடனை முடிக்கலாம், விடுமுறைகளில் அருகிலுள்ள சிற்றூர்களில் அதே தொழிலைக் கற்றுக்கொடுத்துப் பழகலாம். கணக்கு நிறைவு பெற்று ஒருவர் புறப்பட்டாலோ, பங்கு மக்களாகிய நமக்கும் அதில் ஒரு பங்குண்டு. அவர் எழுதிவைத்த தாளில், முதிய தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர் என்னும் இடத்தில், நம்முள் எவரேனும் தம் பெயரைக் கொடுக்க முன்வர வேண்டும்.