நிறுத்தாமல் ஓடும் டாம்கேட்

பினாங்கில் உள்ள சூலியா தெருவின் பழைய கடைவீடுகள் சிலவற்றில் இன்று தங்கும் விடுதிகள் நடக்கின்றன. அப்படியொரு விடுதிக்கு ஜாவாவில் முன்பதிவுத் தளம் எழுதுபவரின் நேரத்தைத் தின்பது நிரலைவிட, ஒவ்வொரு திருத்தத்துக்கும் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பும் வேலைதான். 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்குக் கொடுத்த டாம்கேட் சர்வரில் இதற்கு வழி இருக்கிறது. மடிக்கணினியில் நிறுவினால் 8080 போர்ட்டில் ஓடும். அமைப்புக் கோப்பில் 'ரீலோடபிள்' என்பதை 'ட்ரூ' ஆக்கிவிட்டால், வழக்கமாக 10 வினாடிக்கு ஒருமுறை கிளாஸ் கோப்புகளைப் பார்த்து, மாறியிருந்தால் அந்தச் செயலியை மட்டும் தானே மீண்டும் ஏற்றும். ஜேஎஸ்பி பக்கத்துக்கு அதுகூட வேண்டாம். சேமித்துவிட்டு உலாவியைப் புதுப்பித்தால் போதும்.

அடிக்கடி ஏற்றினால் பழைய கிளாஸ்கள் நினைவகத்தில் தேங்கி சர்வர் திணறும் என்பார்கள். உண்மைதான், முடிக்காமல் விட்ட த்ரெட்டுகள் அதற்கு அடிக்கடி காரணமாகின்றன. சொந்தக் கணினியில் எப்போதாவது ஒருமுறை அணைத்துப் போட்டால் தீர்ந்தது. விருந்தினர் அறை பதியும் தளத்திலோ கதை வேறு: கண்காணிப்பே கூடுதல் சுமை என்பதால் டாம்கேட் ஆவணமே அங்கு வேண்டாம் என்கிறது. ஸ்பிரிங் பூட் டாம்கேட்டை உள்ளேயே வைத்துத் தருகிறதே, தனியாக எதற்கு என்று கேட்கலாம். புது வேலைக்குச் சரி. ஏற்கெனவே வார் கோப்பாக ஓடும் தளத்துக்கு, அங்கிருக்கும் அதே பதிப்பைக் கைவசம் வைத்துப் பழகுவதே புத்திசாலித்தனம்.