ராஸ்பெரி பை மூலம் 12 வோல்ட் ரிலேயை இயக்கலாம்

ராஸ்பெரி பை போன்ற சிறிய கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கியவர்கள், அதன் ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் 40 பின்களைப் பார்த்திருப்பீர்கள். இவற்றில் பலவற்றை நாம் எழுதும் புரோகிராம் மூலம் ஆன், ஆஃப் செய்யலாம். இதனைக் கொண்டு ஒரு 12 வோல்ட் விளக்கையோ, சிறிய பம்ப்பையோ இயக்க முடியுமா என நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. முடியும், ஆனால் நேரடியாக அல்ல.

ஏன் நேரடியாகக் கூடாது?

ஒரு பின் ஆன் ஆகும்போது 3.3 வோல்ட் மட்டுமே தருகிறது. மின்னோட்டமும் சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். கடைகளில் கிடைக்கும் சிறிய 12 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 400 ஓம் இருக்கும். 12ஐ 400ஆல் வகுத்தால் 0.03 ஆம்பியர், அதாவது 30 மில்லி ஆம்பியர் தேவை. இது பின்னின் சக்திக்கு மீறியது.

இதைவிட ஆபத்தானது, 12 வோல்ட் தவறுதலாகப் பின்னைத் தொடுவது. ஒரு கணம் பட்டாலும் சிப் கருகிவிடலாம். அதை வீட்டில் கழற்றி மாற்ற முடியாது. புதிய போர்டுதான் வாங்க வேண்டும்.

இடையில் ஒரு டிரான்சிஸ்டர்

3.3 வோல்ட்டை 12 வோல்ட்டாக உயர்த்தத் தேவையில்லை. 12 வோல்ட்டைத் தனி அடாப்டர் தரும். பின் கட்டளை மட்டும் இட்டால் போதும். குழாயைத் திறக்கச் சிறு விசை போதும். தண்ணீர் வருவது தொட்டியிலிருந்து அல்லவா? அந்தக் குழாய்தான் டிரான்சிஸ்டர்.

இணைக்கும் முறை

1. பி.சி.547 டிரான்சிஸ்டரின் தட்டையான பக்கம் உங்களை நோக்கியும், கால்கள் கீழ்நோக்கியும் இருக்கட்டும். இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர்.

2. ரிலே காயிலின் ஒரு முனையை அடாப்டரின் பிளஸ்ஸிலும், மறு முனையைக் கலெக்டரிலும் இணைக்கவும்.

3. எமிட்டரை அடாப்டரின் மைனஸ்ஸில் இணைக்கவும்.

4. காயிலின் இரு முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடை இணைக்கவும். அதன் வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். காயிலை ஆஃப் செய்யும் நொடியில் எழும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைப் பாழாக்காமல் இது தடுக்கும்.

5. பேஸ்ஸில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை இணைத்து, மறு முனையை இப்போதைக்கு விட்டுவிடவும்.

முதலில் சோதனை

அடாப்டரை ஆன் செய்து, ரெசிஸ்டரின் விடப்பட்ட முனைக்கும் மைனஸ்ஸுக்கும் இடையே மல்டிமீட்டரில் அளக்கவும். ஏறத்தாழ 0 வோல்ட் காட்ட வேண்டும். அதிகம் காட்டினால் கால்கள் மாறியுள்ளன; கம்ப்யூட்டரை இணைக்காதீர்கள்.

சரியாக இருந்தால், இரண்டின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, அந்த முனையை 11ஆவது பின்னில் இணைக்கவும். புரோகிராமில் இதன் பெயர் ஜி.பி.ஐ.ஓ. 17. கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது இது ஆஃப் நிலையில் இருப்பதால், ரிலே தானாக இயங்காது. அடாப்டரின் மைனஸ்ஸை 9ஆவது பின்னான கிரவுண்டில் இணைக்கவும். பலரும் மறப்பது இதைத்தான். இது இல்லாவிட்டால் சுற்று முழுமை பெறாது; ரிலே அசையாது.

இப்போது பின்னிலிருந்து செல்வது சுமார் 2.6 மில்லி ஆம்பியர்தான். அதுவே 30 மில்லி ஆம்பியரை இயக்குகிறது.

ரிலேயின் மறுபக்கத்தில் 12 வோல்ட் சாதனங்களை மட்டும் இணைத்துப் பழகுங்கள். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் துணையின்றித் தொட வேண்டாம்.