பொற்கோயிலில் மறுக்கப்பட்ட பிரசாதம்

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு நான்கு பக்கமும் வாசல் உண்டு. எந்தத் திசையிலிருந்தும் எந்தச் சாதியில் பிறந்தவரும் வரலாம் என்பதே அதன் பொருள் என்பார்கள். ஆனால், அந்த வாசலிலும் சாதி நின்ற காலம் ஒன்று இருந்தது.

1920 அக்டோபர் 12. டயரின் துப்பாக்கிச்சூடு நடந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்த ஜாலியன்வாலா பாக்கில் ஒரு கூட்டம் நடந்தது. சீக்கியம் தழுவிய ஒடுக்கப்பட்ட மக்கள் அங்கே தீட்சை பெற்றார்கள். பிறகு கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிண்டிய கடா பிரசாதத்தை எடுத்துக்கொண்டு பொற்கோயிலுக்குப் போனார்கள். பூசாரிகள் அதைத் தொட மறுத்தார்கள்.

வாக்குவாதம் முற்றியது. கடைசியில் குரு கிரந்த சாகிப்பையே திறந்து பார்ப்பது என்று முடிவானது. தகுதியற்றவர் எனப்படுபவரையும் இறைவன் மன்னித்து ஏற்றுக்கொள்கிறான் என்ற பொருளில் பாடல் வந்தது. வேறு வழியின்றிப் பூசாரிகள் பிரசாதத்தை ஏற்றார்கள். அடுத்து எதிரில் உள்ள அகால் தக்துக்கு அந்த மக்கள் சென்றபோது, அங்கிருந்த பூசாரிகள் இடத்தை விட்டே ஓடிவிட்டார்கள். நிர்வாகம் பக்தர்கள் கைக்கு வந்தது. அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி பிறந்தது. 1925-ல் குருத்வாரா சட்டம் வந்தது. இன்று பஞ்சாபின் வரலாற்றுப் புகழ் மிக்க குருத்வாராக்களை நிர்வகிக்கும் அமைப்பின் தொடக்கத்தில் தலித் மக்களின் அந்தப் பிரசாதத் தட்டு இருக்கிறது.

இது ஒன்று மட்டும் அல்ல. 1675-ல் டெல்லியில் குரு தேக் பகதூர் தலை வெட்டப்பட்டபோது, அந்தத் தலையை முகலாயக் காவலை மீறி அனந்தபூர் வரை கொண்டு சேர்த்தவர் பாய் ஜைத்தா. துப்புரவுத் தொழில் சுமத்தப்பட்ட சாதியில் பிறந்தவர். சாந்தினி சவுக்கில் உள்ள சீஸ் கஞ்ச் குருத்வாராவின் கதை அவரைச் சொல்லாமல் முழுமை பெறாது. செருப்புத் தைத்த ரவிதாசரின் பாடல்கள் குரு கிரந்தத்திலேயே இருக்கின்றன.

இப்போது அந்தக் கட்டிடங்களுக்கே ஆபத்து வந்திருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் பழைய செங்கல் சுவர்களும் சுவரோவியங்களும் பளிங்குக்கு அடியில் மறைகின்றன. 2019 மார்ச் இறுதியில் தரண் தாரண் தர்பார் சாகிப்பின் பழமையான நுழைவு மண்டபத்தை ஒரே இரவில் இடிக்கத் தொடங்கினார்கள். மேற்பகுதி போன பிறகு, மக்கள் திரண்டு எதிர்த்ததால்தான் வேலை நின்றது.

பளிங்கை விட மோசமான மறைப்பும் ஒன்று உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் ஏறக்குறைய 32 சதவீதம் பட்டியல் சாதியினர். நாட்டிலேயே இதுதான் அதிகம். ஆனாலும் பல கிராமங்களில் அவர்களுக்குத் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு. குருமார்கள் கட்டிய சமபந்தியின் ஊரிலேயே இந்த நிலை.

1924-ல் வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியாரும் மற்றவர்களும் போராடியபோது, பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து இலவச உணவுக்கூடம் நடத்தினார்கள். சொந்தக் கோயிலில் சாதியோடு மோதியவர்களுக்கு நம் பசி புரிந்திருந்தது.

சுவரைக் காப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. அந்த வாசல் யாருக்கு மூடப்பட்டது, யார் திறந்தார்கள் என்பதையும் சேர்த்துக் காக்க வேண்டும். மாணவர்களே, பழைய கோயில் எதைப் பார்த்தாலும் கட்டியவர் பெயரோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே நுழையப் போராடியவர் யார் என்றும் கேளுங்கள்.