இலங்கைத் தமிழ் ஏதிலியர் தாயகம் திரும்பல்

இலங்கைத் தமிழ் ஏதிலியர் தாயகம் திரும்பல் என்பது, உள்நாட்டுப் போரினால் தமிழ்நாட்டிற்கு வந்தவர்கள் பல்லாண்டுகளுக்குப் பின் தம் விருப்பின்பேரில் இலங்கைக்கு மீள்வதையும், அதற்கென அளிக்கப்படும் உதவிகளையும் குறிக்கும்.

1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை 3,04,269 பேர் வந்ததாக இந்திய உள்துறை அமைச்சகம் கணக்கிட்டுள்ளது. படகில் இராமேசுவரம் கரைக்கு வந்தவர்கள் மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். விருதுநகர் மாவட்டத்தில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியிலுள்ள மொட்டமலை முகாம் அத்தகைய குடியிருப்புகளுள் ஒன்று. 2021-இல் இவற்றின் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது.

1995 மார்ச் வரை 99,469 பேர் அரசு ஏற்பாட்டில் திருப்பி அனுப்பப்பட்டனர். 1992-இல் தொடங்கிய அனுப்புதலில் கட்டாயம் இருந்ததாக மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டின. அதே ஆண்டில் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, புறப்படுவோரிடம் நேரில் பேசி அவர்களது விருப்பத்தை உறுதி செய்யத் தொடங்கியது.

2009-இல் போர் முடிந்தபின் மீண்டவர்களுக்கு ஆணையம் இலவச விமானச் சீட்டும், இலங்கையில் இறங்கியதும் சிறு பண உதவியும் வழங்கியது. ஆனால் பயணத்தைவிடக் கடினமானது ஆவணம். முகாமில் பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே இருக்கும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, குடியுரிமைச் சான்றிதழ் பெற்றால்தான் அப்பிள்ளை அங்கே குடிமகன். பெற்றோரின் பழைய சான்றுகள் படகுப் பயணத்திலோ குண்டுவீச்சிலோ தொலைந்திருந்தால் இதுவே நீண்ட அலைச்சலாகிவிடும். 1984-இல் எஸ். சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இப்பணியில் முகாம்வாசிகளுக்குத் துணைநின்றுள்ளது.

அடுத்தது காணி. இலங்கைச் சட்டப்படி, பிறர் 10 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த நிலத்துக்கு உரிமை கோர இயலும். போரால் வெளியேறியவர் தம் நிலத்தை இவ்வாறு இழக்காதிருக்க 2016-இல் சிறப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதற்கும் காலவரம்பு இருந்ததால், முகாமிலேயே தங்கிவிட்ட பலருக்கு அது பயன்பட்டிருக்க வாய்ப்பில்லை.

2025 மே மாதத்தில், ஆணையத்தின் உதவியுடன் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அனுமதிக்கப்பட்ட துறைமுகம் வழியாக நாட்டைவிட்டு வெளியேறாதது இலங்கையின் குடிவரவுச் சட்டப்படி குற்றம். படகில் தப்பிவந்த ஏறத்தாழ அனைவருக்கும் இது பொருந்தும் என்பதால், திரும்ப எண்ணியிருந்த முகாம் குடும்பங்களிடையே இக்கைது அச்சத்தை உண்டாக்கியது.